மாமி காய்ச்சிய பீர்

அப்பாவின் தங்கையை எங்கள் வீட்டில் மாமி என்போம். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மாமி மூன்று மாத லீவில் ஊருக்கு வந்தாள். எட்டு வருடமாகக் குளிர்நாடு ஒன்றில் அவளுக்கு நர்ஸ் வேலை. வயது முப்பத்து நான்கு. அந்த லீவுக்குள் அவள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். மாமியின் திட்டம் பீர் காய்ச்சுவது.

அங்கே அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மாள் தனியாக இருந்தாளாம். குளிர் விட்டதும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் தளிர்க்கும். இருவரும் காட்டுக்குப் போய் அந்த நுனித்தளிரைக் கிள்ளி வந்து, வெல்லப்பாகோடு கொதிக்கவைத்து, ஈஸ்ட் போட்டு பீர் எடுப்பார்களாம்.

"போன புதுசில தினமும் அழுகைதான் மக்கா. அவ்வளவு குளிரு. அந்தப் பீரு ஒரு கிளாஸ் குடிச்ச பொறவாக்கும் இங்க இருந்துக்கிடலாம்னு தோணிச்சு" என்றாள்.

நெய்யூர் பக்கத்தில் ஸ்ப்ரூஸுக்கு எங்கே போவது? ஆனால் மழை விட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடேறும் செம்மண் விளையில் கொல்லாமரங்கள், அதாவது முந்திரி, சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தன. மாமி ஒன்றைக் கிள்ளி மென்றாள். எனக்கும் ஒன்று தந்தாள். நாக்கு தடித்துப்போகிற மாதிரி துவர்த்தது. நான் துப்பினேன். "இது மதி, இதே போதும்" என்றாள் மாமி. யாருடைய தோட்டம் என்று கேட்டேன். கொட்டையைப் பொறுக்கினால்தான் சண்டைக்கு வருவார்கள், கொழுந்தை யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பை நிறையக் கிள்ளினாள்.

வெல்லப்பாகுக்குப் பதில் கருப்பட்டி. முளைகட்டிக் காயவைத்துப் பொடித்த கேழ்வரகு. கொஞ்சம் இஞ்சி. பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட். பெரிய பானையில் துணி கட்டி வைத்த நான்கு நாளும் நான் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே யாரோ ரகசியம் பேசுவதுபோல் பொரிந்துகொண்டிருந்தது.

அப்பாவிடம் இஞ்சிச்சாறு என்று சொல்லியிருந்தோம். எங்கள் சபையில் மதுவிலக்குக் கூட்டம் நடந்தால் அப்பாதான் பேசுவார். அம்மா வருடந்தோறும் கிறிஸ்துமஸுக்கு திராட்சை வைன் போடுவாள், அதை அப்பா இரண்டு தம்ளர் குடிப்பார். அது பலகாரத்தில் சேர்த்தி. அந்த வைன் பாட்டில்களைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள். "ஒங்க அண்ணன் அறிஞ்சா என்னையும் சேத்து ஏசுவாரு" என்றாள், ஆனால் பாட்டில்களைக் கழுவியும் கொடுத்தாள்.

பத்துப் பாட்டில் வந்தது. முன்னறைக்கு அடுத்த அறையில் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். தினமும் மூடியைக் கொஞ்சம் திருகி, காற்றை விட்டுவிட்டு மறுபடி இறுக்குவது என் வேலை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பெருமூச்சு விடும்.

மூன்றாம் நாள் நாகர்கோவிலிலிருந்து மாமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பெண் இனிமேல் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது. அப்பா சரி என்று சொல்லியிருந்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீளா?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது.

"கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார் அப்பா.

அன்று எனக்குப் புது கவுன். அந்தச் சந்தோஷத்தில் பாட்டில்களை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு சித்தப்பா என்று மூன்று பேர் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. மாமி சாயாத் தட்டோடு வந்தாள். அப்போது அடுத்த அறையில் படார் என்று ஒரு சத்தம். சித்தப்பாக்காரர் எழுந்தேவிட்டார். அடுத்து இன்னொன்று, இன்னொன்று. கதவுக்குக் கீழே பழுப்பு நுரை வழிந்து, தரையில் நிதானமாக ஊர்ந்து, மாப்பிள்ளையின் அம்மா காலடிக்கு வந்தது. அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கள்ளு மணமாட்டு இருக்கே?"

"இஞ்சிச்சாறாக்கும். பிள்ளைக்கு வயித்துவலி, அதுக்குப் போட்டது" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உதவியாக இருக்கட்டும் என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார்.

"அப்படியா மக்களே?"

மாமி தலையாட்டியிருந்தால் போதும். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"இல்ல. பீராக்கும். நான் போட்டது."

மாப்பிள்ளை, "எதுல போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார். கருப்பட்டி, கேழ்வரகு, கொல்லாங்கொழுந்து என்று மாமி சமையல்குறிப்பு மாதிரி சொன்னாள். அவர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோது அவருடைய அம்மா எழுந்துவிட்டார். சாயாவை ஒருவரும் தொடவில்லை.

கார் போன பிறகு அப்பா மாமியிடம் வந்தார். "நீ எதுக்குப் பறஞ்ச?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் முற்றத்தில் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். உண்மை சொன்னவளிடம் ஏன் கோபம் என்று எனக்குக் குழப்பம். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுப்பவரே அப்பாதான்.

அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. லீவு தீர்ந்ததும் மாமி கிளம்பிப் போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அவள் போனதைவிட, பெண் பார்க்க வந்த அன்று மத்தியானம்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா உடையாத பாட்டில்களைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ப் பச்சைத்தண்ணீரில் வைத்தாள். மாமி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, கட்டிலருகே குனிந்து தரையைத் துடைத்தாள். அவளுடைய முதுகு குலுங்கியது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"மாமி, நான்தான் மூடியத் தெறக்க மறந்துட்டேன். என்னாலதான் ஒங்க கல்யாணம் நின்னுபோச்சு. அழாதீங்க, வேற மாப்பிள்ள வருவாரு."

அவள் துணியைப் போட்டுவிட்டு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாயோ சிரிப்பை அடக்க முடியாமல் கோணிக்கொண்டிருந்தது. அந்த வயதில் எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் நம்பத் தெரியும். நான் கண்ணை நம்பி, அவளோடு சேர்ந்து சத்தம்போட்டு அழுதேன்.