வேன்காரர் வட்டம் போட்ட எண்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மாடு ஓட்டிய கையால்தான் எஞ்சினியரிங் பரீட்சையும் எழுதினேன். ஆனால் அந்தப் பட்டத்தில் பாதி என் மாமாவுக்குச் சேரும். அக்காவைக் கட்டிக்கொண்டவர். கல்லூரிக் காலம் முழுக்க என்னைத் தன் வீட்டு மாடியறையில் வைத்துச் சோறு போட்டவர்.

மாமா மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அவருடைய ஷெட். தகரக் கூரை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி, சுவர் நிறைய ஸ்பேனர்கள். மூலையில் இரும்புக் கால் வைத்த மேடைமேல் ஒரு பெரிய ஆயில் டிரம், அடியில் பித்தளைக் குழாய். எந்த வண்டி வந்தாலும் அந்த டிரம்தான். குழாயைத் திறந்து ஒரு சொட்டை விரலில் வாங்கி, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுவென்று இழுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

"கெட்டியா இருக்கணும் மாப்ள. தண்ணி மாதிரி இருக்கிறதெல்லாம் ஒரு ஆயிலா? தலைக்குத் தேய்க்கத்தான் ஆகும்."

அந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த ஷெட்டுகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். பழைய டீசல் வண்டிகளை வைத்துத் தொழில் கற்றவர்கள் அவர்கள். அந்த எஞ்சின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. வண்டிகள் மாறின. டிரம் மாறவில்லை.

வேன்காரர் மாமாவுக்கு நெடுநாள் வாடிக்கை. மலைமேல் இருக்கும் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர். பழைய வேனைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்ததும் கம்பெனிக்குப் போகாமல் நேராக மாமாவிடம் வந்தார். கையில் வண்டியோடு கொடுத்த கையேடு. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

"அண்ணே, ஆயிலுக்கு இதுல வேற நம்பர் போட்டிருக்கே. அஞ்சு முப்பதாம். உங்க டிரம்முல இருபது ஐம்பதுன்னுல்ல இருக்கு?" என்று அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பென்சிலால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

மாமா சிரித்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமாய்யா? அதை எழுதினவன் உன் பாரத்தை ஏத்திக்கிட்டு அந்த மலையில ஒரு தடவை ஏறிக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம்."

டயர் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். வேன்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பினார். நான் கடைசிப் பரீட்சை எழுதி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"தம்பி, நீதான் எஞ்சினியராச்சே. நீ சொல்லு."

"சொல்லு மாப்ள, என் பொழப்புல மண்ணைப் போடாம சொல்லு" என்றார் மாமா, புனலைக் கையில் பிடித்தபடி.

எனக்குத் தெரியும். பரீட்சையில் அதே கேள்வி வந்திருந்தது. முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பது. இரண்டாவது, சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. புது எஞ்சின்களில் ஆயில் ஏறும் வழிகள் ஊசிக்கண் மாதிரி. குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேருவதற்குள் இரும்பும் இரும்பும் உரசும். ஒன்றரைப் பக்கம் எழுதி, படமும் போட்டிருந்தேன்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றேன்.

அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அவர் ஷெட்டில், நாலு பேர் முன்னால் அவர் பேச்சை வெட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை. மாமா குழாயைத் திறந்தார்.

ஐந்து மாதம் கழித்து, பனிக்காலத்தில், மலைப்பாதையின் ஏற்றத்தில் அந்த வேன் நின்றுவிட்டது. விடிந்தும் விடியாத நேரம். பாரத்தோடு வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேன்காரர் இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்குப் பனியில் எதுவும் தெரியவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் பனியைத் திட்டினார்கள். விதி என்றார்கள். மாமாவும் நானும் மட்டும் மூன்றாம் நாள், வண்டியை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்குப் போனோம். மாமா எஞ்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே எஞ்சினின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் சங்கிலி தொளதொளவென்று கிடந்தது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய பாகம் தேய்ந்திருந்தது. சங்கிலி சக்கரத்தின் பல்லைத் தாண்டியிருந்தது; வண்டி நின்றது அதனால்தான். ஒரு வருடத்து வண்டியில் அப்படித் தேயக்கூடாது. மாமா விரலை உள்ளே விட்டு, அங்கே ஒட்டியிருந்த ஆயிலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூடியைப் பழையபடி பூட்டினார். எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை முறுக்கினார்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "வேற காரணமும் இருக்கலாம் இல்ல மாப்ள?"

"இருக்கலாம் மாமா."

இருக்கலாம்தான். ஆயில்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாமா அதற்குப் பிறகு குடியிருந்தார்.

விடிகாலையில் தெருவில் யார் வண்டியைக் கிளப்பினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குளிர்ந்த எஞ்சின் முதல் நொடியில் கரகரக்குமே, அந்தச் சத்தம். அது அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். "மலேரியாக்காரர் மாதிரி ஏன் நடுங்குறீங்க?" என்று அக்கா போர்வையைப் போர்த்துவாள். ஒருநாள் என்னிடம், "இப்ப போனது வேன்தானே?" என்றார். தெருவில் எதுவுமே போகவில்லை.

டிரம்மைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, எண் வாரியாக ஆயில் டப்பாக்களை வாங்கி அடுக்கினார். வருகிற ஒவ்வொருவரிடமும், "வண்டி புக்கு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். இல்லை என்றால் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். "ஷெட் நடத்துறீங்களா, பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். புக்கு மெக்கானிக் என்று பட்டப்பெயரும் வந்தது. இதில் கொடுமை, பெருமை எனக்கு வந்ததுதான். "படிச்ச மச்சான் வீட்டுல இருந்தா கடையே திருந்திடுது பாருங்க" என்று டயர் கடைக்காரர் என் முதுகில் தட்டினார்.

பத்து மாதம் கழித்து ஒரு முற்பகலில் அந்த வேன் ஷெட்டுக்குள் வந்தது. முன்பக்கம் புதுப் பெயின்ட். ஓட்டி வந்தவர் வேன்காரரின் மனைவி.

"எஞ்சின் வேலையெல்லாம் எங்கண்ணன் வெளியில பார்த்துட்டாருண்ணா. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஆயில் மாத்தச் சொன்னாங்க. இனிமே நானே மலைக்கு ஓட்டப் போறேன்."

மாமா தலையை ஆட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். பழைய ஆயில் முழுவதும் தட்டில் இறங்கியது. மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "புக்கு இருக்காம்மா?" என்றார்.

"புக்கு எதுக்குண்ணா? அவருக்கு ஊத்தினதையே ஊத்துங்க. 'அண்ணன் கை ராசியான கை'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

மாமா கையில் இருந்த துணி அப்படியே நின்றது. ஒரு 'சரிம்மா' போதும். டப்பாவைத் திறந்து சரியான ஆயிலை ஊற்றி அனுப்பிவிடலாம். அந்தம்மாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மாமா வேனுக்குள் கையை விட்டுக் கையேட்டை எடுத்தார். வட்டம் போட்டிருந்த பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

"இது அவர் போட்டதும்மா. இதைத்தான் ஊத்தணும்னு புக்குல இருக்கு. அவர் கேட்டாரு. நான் சிரிச்சேன். வேறத ஊத்தினேன். வண்டி நின்னது அதனாலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது."

வேன்காரரின் மனைவி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சலூனில் கத்தரி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீயும் இருந்தியா தம்பி?"

"இருந்தேங்க்கா. என்னைத்தான் கேட்டாரு. எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் போய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார். மாமா ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "கிளப்பாதம்மா! உள்ள சொட்டு ஆயில் இல்ல. எஞ்சின் இறுகிப் பிடிச்சிடும்."

போகவும் முடியாமல், எங்கள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், அந்த இருக்கையில் அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியவில்லை. பிறகு இறங்கி வந்தார்.

"ஊத்துங்க. டப்பாவைக் காட்டிட்டு ஊத்துங்க."

மாமா டப்பாவைக் காட்டினார். அந்தம்மா புத்தகத்தின் எண்ணையும் டப்பாவின் எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாமா ஊற்றும்போது புனலுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. முடித்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து மாமா காட்டியதும், அந்தம்மா புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தைப் பிரித்து பானட்மேல் வைத்தார்.

"இப்ப சொன்னதை இதுல எழுதுங்க. என் மகன் வளர்ந்து ஒருநாள் இதை ஓட்டுவான். எனக்குச் சொல்ல வாய் வராது."

மாமா என்னைப் பார்த்தார். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் பேனாவை எடுத்தேன்.

"நீ இல்ல. அவர் எழுதட்டும்."

மாமா எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, குனிந்து, எண்ணெய்க் கறையோடு, நாலு வரி. கீழே கையெழுத்துப் போட்டார்.

"நீயும் போடு தம்பி."

போட்டேன். பேனாவை மூடப் போனேன்.

"பேருக்குப் பின்னால படிப்பையும் போடு. படிக்கிறவங்களுக்குத் தெரியணும்ல?"

பி.இ. என்று எழுதினேன். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் மார்நிமிர்த்தி எழுதிய இரண்டு எழுத்து.

அவர் அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. அந்த வேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுமட்டும் தெரியும். அது எந்த ஷெட்டில் நின்றாலும், எண் பார்க்கப் புத்தகத்தைப் பிரிக்கிறவர் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேறு மெக்கானிக் யாராவது எங்களைத் திரும்பிப் பார்த்தால், 'இவர் படிச்சிட்டாரோ' என்பதுபோல மாமா என் முகத்தைப் பார்ப்பார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.