ஓபராவில் விழுந்த ஒரு 'பேஷ்'

டிரெஸ்டன் ஓபரா அரங்கில் விளக்குகள் அணையும்போது மனைவி என் காதில் சொன்னாள்: "தாளம் கீளம் போட்டுடாதீங்க, ப்ளீஸ். இது நம்ம சபா இல்ல."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாயை மறந்துவிட்டேன்.

பாடகி உச்ச ஸ்வரம் ஒன்றை மெல்ல மெல்ல நூலாக இழைத்து நிறுத்தினார். அந்த நிசப்தத்தில், என்னையறியாமல் "பேஷ்" என்றேன். முன்வரிசைத் தலைகள் திரும்பின. பக்கத்து இருக்கை ஜெர்மன் அம்மாள் என்னையே பார்த்தார். அதன்பின் மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

இடைவேளையில், வாசலில் கொடுத்து வைத்திருந்த குளிர்கோட்டை வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அந்த அம்மாள் வழிமறித்தார்.

"நீங்கள் சொன்னது என்ன வார்த்தை?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"பிரமாதம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பாட்டின் நடுவிலேயே சொல்வோம். மன்னித்துவிடுங்கள்."

"நடுவிலேயேவா?" அவர் முகம் மலர்ந்தது. "நாங்கள் பாட்டு முடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்."

எனக்குப் போன உயிர் திரும்பியது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில் பாடகி மறுபடியும் ஓரிடத்தில் உருகினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் லேசாக ஓர் இடி.

"இப்போது சொல்லலாமா?" என்று கிசுகிசுத்தார் அந்த அம்மாள்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்தவன் நான். அன்று தலையசைத்தேன். என் மனைவிக்குக் கேட்காத அளவுக்கு, இருவரும் சேர்ந்தே சொன்னோம்.