காம்பில்லாத மாங்காய்

"…பேரு போடாத தம்பின்னு சொன்னேன், ஊரு போடாதன்னு சொன்னேன். அந்தக் காம்பில்லாத மாங்காய எழுதாதன்னு சொல்ல எனக்கே தோணலியே. உன்ன இன்னா சொல்றது?" என்றார் அக்கா.

தறிப்பள்ளத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் ஆரணியில் ஒரு சர்க்கார் அலுவலகத்து வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஸ்டூல் போட்டு நான் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அடுத்தவர் மனுக்களைப் படித்துத் தெரிந்துகொண்டது. வருகிறவர்கள் வாயிலிருந்து விழும் சொலவடைகளை ஒரு அட்டையில் குறித்துவைப்பேன். இந்த அக்கா வந்தால் அட்டையில் இடம் போதாது.

அவர் ஊர் சேவூர் தாண்டி. கணவர் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு. முதலாளி கொடுக்கும் பாவை வாங்கி, கூலிக்குப் பட்டு நெய்தார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள். அது வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை. அந்த முதலாளிதான் அந்த வருஷம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா டவுன் பஸ் பிடித்து என்னிடம் வந்தார்.

"பக்கத்துத் தெருவுல ஒருத்தி பட்டுப் புடவை கட்டிகினு போறா. வூட்ல ஒம்பது ஓட்டு. அது என் தறிப் புடவைப்பா. பழுதுன்னு சொல்லி என் கூலியப் புடிச்சிகினு உள்ள போட்டாரு. இப்ப அத்தக் குடுத்து ஓட்டு கேக்கறாரு. நான் நெய்ஞ்சது கழிசலு, அவரு குடுத்தா சீரா?"

இப்படி நாலைந்து வீட்டுக்குக் கழிசல் புடவை போயிருக்கிறதாம். பெயர் போடாமல் மொட்டை மனு எழுதச் சொன்னார். பெயரும் இல்லாமல் ஆதாரமும் இல்லாமல் போனால் அது குப்பைக்குத்தான் போகும் என்றேன். "உங்க புடவைதான்னு எப்படிக்கா தெரியும்?"

நெசவுக்காரரிடம் புடவையைப் பற்றிக் கேட்டால் பொத்தாம்பொதுவாகச் சொல்ல வராது. என் ஸ்டூல்மீதே முழம் போட்டுக் காட்டினார். முந்தானையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வலக்கரையில் ஒரு மாங்காய்க்கு மட்டும் காம்பு இருக்காது. காய்ச்சலோடு நெய்த நாளாம், தறியில் பூவேலைக்கு மாட்டும் துளை அட்டை இரண்டு தாவிவிட்டதாம். சொல்லும்போது முகம் மலர்ந்தது. நானும் ஒரு சொல் விடாமல் எழுதினேன். இதைவிட நல்ல மனு நான் எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டே அந்த அலுவலகத்துத் தேர்தல் அதிகாரிக்குத் தபாலில் சேர்த்தேன்.

ஜீப் வரும், முதலாளி கழிசல் புடவைகளைப் போட்டுவைத்திருக்கும் அறையைத் திறக்கச் சொல்வார்கள் என்று நம்பியிருந்தோம். மூன்றாம் நாள் அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு தாளோடு வந்தார். மெஷினிலிருந்து சூடாக வெளியே வந்தது என் கையெழுத்து.

"இது யாருக்கு?"

"வேட்பாளருக்குத்தான். நகல் அனுப்பி விளக்கம் கேக்கணும்ல? மொட்டை மனுதானே, உங்களுக்கு இன்னா பேஜாரு?"

காம்பு என்ற சொல் கண்ணில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பழுதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். நெய்தவர் ஒருவர், கூலியைப் பிடித்தவர் இன்னொருவர். ஊழியர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தடுக்க எனக்கு என்ன உரிமை?

புடவை எதுவும் வழங்கவில்லை என்று பதில் வந்தது, கோப்பு முடிந்தது. முதலாளி ஜெயித்தார். அக்கா தறியில் இருந்த புடவையை அறுத்து எடுத்துக்கொண்டு போய் அடுத்த பாவு கேட்டார். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "நெய்யறவனுக்கு எதுக்குக் குரங்குக்குட்டின்னு பெரியவங்க கேட்டாங்க. நீ மனு வளக்கறியாமே. அது குடுக்கும் போ, பாவு." ஆரணியில் ஏழெட்டு முதலாளிகள் வாசலில் ஏறி இறங்கினார். "அவரு வூட்டுத் தறிம்மா, நாங்க குடுத்தா நல்லாருக்காது" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போனது. கலெக்டருக்கே எழுதலாம், இந்த முறை என் பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுப்பா. உன் பேனாவுல மசி இருக்குது" என்றார்.

தறியில் பழைய பாவின் கடைசி முழத்தை யாரும் அறுக்கமாட்டார்கள். புதுப் பாவு வந்தால் ஒவ்வொரு இழையையும் அதன் நுனியோடு முறுக்கிச் சேர்த்துவிடலாம். அறுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். பாவு வருகிற வீட்டில் அதைத் தொடவே மாட்டார்கள்.

அக்கா மாடத்திலிருந்து பிளேடை எடுத்தார். இடது ஓரத்தில் ஒரு கைப்பிடி இழையைச் சேர்த்துப் பிடித்து அறுத்தார். பிறகு அடுத்த கைப்பிடியைப் பிடித்தார்.