மூன்றாவது அடி

"ரெண்டு பேச்சும் ஒரே வாய்க்குள்ளதானே கெடக்கு டீச்சரம்மா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்காதா?"

லாடம் அடிக்கும் அடைக்கலசாமி இப்படிக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருமானூர் வண்டிப்பேட்டையில். பள்ளிக்கூட டீச்சர் லீலா மேரி அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்தனுப்பிய இங்கிலீஷ் கடுதாசியை அப்போதுதான் படித்துச் சொல்லியிருந்தாள். குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் லாடம் அடிப்பதில் கைதேர்ந்தவர், நம்பி வேலை கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குச் சந்தோஷப்படாமல் அவர் இதைக் கேட்டார்.

லீலா மேரி சட்டென்று பேசுகிறவள் இல்லை. குடைப்பிடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏறும்."

"எப்ப?"

"கணக்குப் போடறப்ப. திருச்சி கான்வென்ட்ல இங்கிலீஷ்லயே எண்ணிப் பழகிட்டேன். இங்க புள்ளைங்களுக்குக் கூட்டல் போட்டுக் காட்டுறப்ப மனசு அதுல எண்ணுது, வாய் தமிழ் பேசுது. நடுவுல கை தப்பா எழுதிடுது."

"அட, கையுமா?"

"புள்ளைங்க சிரிச்சிருக்குங்க."

"அப்புறம் என்னதான் பண்ணுவீங்க?"

"தமிழ்லயே வாய்விட்டு எண்ணுவேன். காதுல விழுந்தா கை அதும் பின்னால போயிடும். உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?"

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

சொல்லியிருந்தால் குருநாதனின் மாட்டிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லை, அதற்கும் முன்னாலிருந்து.

ஏலாக்குறிச்சியில் பிறந்த அடைக்கலசாமி பதினேழு வயதில் இந்தப் பேட்டையில் தனியாகத் தொழில் போட்டவர். மாட்டைச் சாய்த்து, காலைச் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு வைத்து அடிப்பார். மாட்டுக் குளம்பின் ஓரம் மெல்லியது. ஆணியை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மூன்றாவது அடியில் முனை வெளியே தலைகாட்டும். அதை மடக்கி முறித்துவிட வேண்டும். நாலாவது அடிக்கு வேலையே இல்லை. அவர் அடித்த லாடம் கொள்ளிட மணலிலும் கழலாது என்று தூரத்து மீன்சுருட்டி வண்டிக்காரர்கள்கூடக் காத்துக் கிடந்து அடித்துக்கொண்டு போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், யுத்த காலத்தில், பட்டாளத்துக்குப் போனார். முதல் நாளே ஒரு கோவேறு கழுதையை மாடு மாதிரி கயிறு போட்டுச் சாய்க்கப் பார்த்தார். அது அவரைச் சாய்த்தது. வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. நிற்கிற மிருகத்தின் காலைத் தொடை இடுக்கில் வாங்கி, தடித்த குளம்பில் ஆணியை நேராக நிறுத்தி, ஆறு அடி அடிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே. ஹவில்தார் இந்தியில் எண்ண எண்ண நூறு பேரின் சுத்தியலும் ஒன்றாக இறங்கும். அசாம் மலைச் சேற்றில் நாலு வருஷம் அப்படி அடித்தார். சட்டைக் கையில் ஒரு பட்டையும் வாங்கினார்.

யுத்தம் முடிந்து திரும்பியதும் முதலில் வந்தது குருநாதன் மாடு. கரும்பு ஏற்றும் வண்டிக்காரர், பழைய வாடிக்கை. சுத்தியல் தன்பாட்டுக்கு இறங்கியது. எத்தனை அடி விழுந்தது என்று அடைக்கலசாமிக்கே தெரியவில்லை. மறுநாள் மாடு காலை ஊன்றவில்லை. ஆணி பச்சைச் சதையில் ஏறியிருந்தது.

"என்னய்யா, எங்கிட்டக் கேக்காமலே என் மாட்டைப் பட்டாளத்துல சேத்துட்டியா?" என்றார் குருநாதன். பேட்டை சிரித்தது. அடைக்கலசாமி ஆணியைப் பிடுங்கி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துப் பத்து நாள் பார்த்து நடக்கவைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வண்டிகூட அவர் பக்கம் ஒதுங்கவில்லை.

குருநாதன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "கரும்பு வெட்டு ஆரம்பிக்குது. திங்கக்கெழம அதே மாட்டைத்தான் கொண்டாருவேன். சரியா அடிச்சியானா பேட்டை முழுக்க நானே சொல்றேன். தப்புச்சுன்னா எல்லாரும் அரியலூருக்கே ஓட்டிக்கிட்டுப் போயிடுவோம்."

சனிக்கிழமை முழுக்க ஒரு பலகையில் அடித்துப் பார்த்தார், டீச்சர் சொன்னபடி வாய்விட்டு எண்ணி. ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தால் மூன்றாவது 'தீன்' என்று வந்தது. அது வந்துவிட்டால் கை ஆறு வரைக்கும் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது அவர் மட்டும் பட்டாள அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்து நின்றுகொண்டிருந்தார். மனைவி சாந்தி மேரி பின்னாலிருந்து வேட்டியை இழுத்தாள்.

"போலீஸ் குதிரைக்கு அடிக்கப் போயிடுங்களேன், அந்தக் கடுதாசிதான் இருக்கே," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அங்க போயி கை மாட்டை நெனச்சுக்கிட்டா?"

தான் மாட்டுக்காரனா குதிரைக்காரனா என்பது, தொழிலில் இறங்கிய இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவருக்கே விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாடு வந்தது. சாய்த்தார், கட்டினார். தகடு குளம்போடு பொருந்தியது. ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒன்றை எடுத்து வைத்தார். சுத்தியலை ஓங்கியதும் உள்ளே 'ஏக்' என்றது. கை அப்படியே நின்றுவிட்டது.

வண்டிக்காரர்கள் சுற்றிலும் நின்றார்கள். அரியலூர் பஸ் வந்து நின்றது. லீலா மேரி இறங்கி, கூட்டத்தைக் கண்டு தலையைக் குனிந்தபடி ஓரமாக நடந்தாள்.

"மாடு இங்க கெடக்கு, நீ என்னய்யா பஸ்ஸப் பாக்குற?" என்றார் குருநாதன்.

அடைக்கலசாமி ஆணிகளை வாயிலிருந்து மடியில் துப்பினார்.

"டீச்சரம்மா! செத்த இப்படி வாங்க."

அவள் நின்றாள். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்க்க, குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு அடி வந்தாள்.

"எதுக்குப்பா அவங்க? மாட்டுக்கு அரிச்சுவடி சொல்லித்தரவா?" என்று ஒருவர் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் காது சிவந்துவிட்டது. திரும்பிவிடுவாள் போலிருந்தது.

"சிரிக்கட்டும். எனக்கு மட்டும் கேட்டாப் போதும்," என்றார் அடைக்கலசாமி. குளம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நான் எண்ணினா வேற என்னமோ வருது. நான் ஓங்குறப்பல்லாம் நீங்க எண்ணுங்கம்மா. தமிழ்ல. மூணுக்கு மேல போவாதீங்க."