ஹிங்கிள் கடைக் கண்ணாடி

ராய்ஸ் ஹிங்கிள் முடி வெட்டுவதில் சூரர் என்று யாரும் சொன்னதில்லை. அவரிடம் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மனைவிமார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஹால்ஸ்டன் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். எல்லாம் அவர் வாய்க்காக. பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே கடை. உள்சுவரில் அவர் படித்த பள்ளியின் கூடைப்பந்து அணிப் படம் ஒன்று தொங்கும். அதில் ஓரத்தில் துண்டோடு நிற்கும் ஒல்லிப் பையன் ராய்ஸ்தான். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கிவிடவில்லை என்பதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடைக்கு இரண்டு வழக்கங்கள். வாடிக்கையாளர் கழுத்தில் துணியைக் கட்டி முடிப்பதற்குள் அவர் மனைவியைப் பேர் சொல்லி விசாரித்துவிட வேண்டும் என்பது ஒன்று. "டோனாவுக்குத் தோள்வலி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். யார் மனைவிக்கு என்ன வலி என்பது ஊர் மருத்துவரைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கும். இன்னொன்று வாசல் கண்ணாடி பற்றியது. அதில் பள்ளிக் கூடைப்பந்து அணியின் ஆட்ட அட்டவணையைத் தவிர வேறு எதையும் ஒட்டக்கூடாது. அப்பா வைத்த சட்டம். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் கெஞ்சுவார்கள். "கண்ணாடிக்கு ஓட்டு இல்லப்பா" என்று அனுப்பிவிடுவார்.

முதல் வழக்கத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் கிளென் ஃபார்லி. பல்கலைக்கழகத் தலைவருக்கு உரையும் அறிக்கையும் எழுதிக் கொடுப்பவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வியாழக்கிழமை மத்தியானம் வருவார், வருடக்கணக்காக. கிளெனுக்கு மனைவி கிடையாது. மார்வின் என்கிற ஓய்வுபெற்ற இசை ஆசிரியரோடு சேர்ந்து வாழ்ந்தார். ஊருக்கே தெரியும், ராய்ஸுக்கும் தெரியும். ஆனால் அதை எப்படிக் கேட்பது, என்ன வார்த்தை போட்டுக் கேட்பது என்று அவருக்கு விளங்கவில்லை. அதனால் நாயைப் பற்றிக் கேட்டார்.

"பிக்கிள் எப்படி இருக்கு?"

கிளென் எதிரே இருந்த முகக்கண்ணாடியில் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார். பிக்கிள் குட்டியாக இருந்த நாளிலிருந்து இப்படியே பழகிவிட்டது. தர்மசங்கடம் இல்லாமல் ஒரு மனிதரை நடத்துகிறோம் என்று ராய்ஸுக்கு உள்ளூரப் பெருமை. அதிலும் கடந்த சில வருடங்களாகப் பிக்கிளின் கதைகள் சுவாரசியம் கூடிக்கொண்டே போயின. பிக்கிளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லியும் கேட்காமல் உருளைக்கிழங்கு வறுவலைத் திருடித் தின்றது. இரவு வானிலைச் செய்தி முடியாமல் படுக்க வராது. பள்ளி அணி தோற்றுவிட்டால் மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ராய்ஸ் இதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லி வியப்பார். "என்ன நாய்ப்பா அது, மனுஷன் தோத்தான்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, 2015 மார்ச் கடைசியில், அவர்கள் மாநிலமான இந்தியானாவில் மதச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று வந்தது. நம்பிக்கைக்கு ஒரு கவசம், அவ்வளவுதான் என்றது ஒரு பக்கம். ஆணோடு ஆண் வாழ்கிறான், பெண்ணோடு பெண் வாழ்கிறாள் என்று சொல்லிக் கடைக்காரன் கதவைச் சாத்துவதற்கு வழி என்றது இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் திங்கட்கிழமை கடைத்தெருவில் முகம் பார்க்காமல் போனார்கள். பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. இந்த வளாகத்திலிருந்து எவரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று தலைவர் பேரில் அறிக்கை வந்தது. எழுதியது கிளென் என்று ராய்ஸுக்கு ஒரு வரி படித்ததும் தெரிந்தது. நன்றாக எழுதியிருக்கிறானே என்று நடீனிடம், அதாவது தன் மனைவியிடம், வாசித்தும் காட்டினார்.

அறிக்கையோடு நிற்காமல் 'எல்லோரும் வரலாம்' என்று அச்சடித்த வட்டமான நீல ஒட்டி ஒன்றையும் பல்கலைக்கழகம் தயார் செய்தது. மாணவர்கள் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார்கள். பீட்சா கடை ஒட்டியது, சலவைக்கடை ஒட்டியது, எதிலும் தலையிடாத வங்கிகூட ஒட்டியது. ஹிங்கிள் கடைக்கு ஒரு பெண் வந்தாள்.

"கண்ணாடியில நாங்க எதுவும் ஒட்டுறதில்லம்மா. எங்கப்பா காலத்து வழக்கம்" என்றார் ராய்ஸ்.

அந்தப் பெண் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றோடு கடைக்குப் பேராசிரியர்கள் வரத்து நின்றது. அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் வந்தார்கள். தேவாலயத்து மூப்பர் ஹெர்ஷல் ஒரு பாத்திரம் நிறைய பெர்சிமன் பழப் புட்டிங்கோடு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உறுதியா நின்னுட்ட ராய்ஸ்."

"நான் எங்க நின்னேன்? முடி வெட்டிக்கிட்டிருந்தேன்."

"அந்தப் பணிவுதான்ப்பா பெருசு" என்று ஹெர்ஷல் இன்னொரு முறை குலுக்கினார்.

இரண்டு மாவட்டம் தள்ளி ஒருவர் ஆதரவு தெரிவிப்பதற்கென்றே காரை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் ஒரு முடி இல்லை. ராய்ஸ் கொஞ்ச நேரம் காதோரத்தில் கத்தரியைச் சத்தம் மட்டும் வரும்படி ஆட்டிவிட்டு அனுப்பினார். நடீன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ராய்ஸும் சிரித்தார். வியாழக்கிழமை வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

வியாழக்கிழமை கிளென் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்தார். அடுத்த முறையும் வரவில்லை. அதற்குள் சட்டசபையே சட்டத்தில் திருத்தம் போட்டு, பத்திரிகைக்காரர்களும் வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். கிளென் மட்டும் எதிர்ச் சாரியில் குனிந்த தலையோடு நடந்து போனார். பிடரியில் முடி சட்டைக் காலருக்கு மேல் ஏறியிருந்தது. வேறு கடைக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, எங்கேயும் போகாமல் இருக்கிறானே என்று ராய்ஸ் நடீனிடம் புலம்பினார்.

"இங்க உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஆச்சா? தெருவத் தாண்டினா அவன் ஆபீசு" என்றாள் நடீன்.

போனார். மேலங்கியைக் கழற்ற மறந்து, தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருக்க, தலைவர் மாளிகையின் பளிங்குப் படிகளில் ஏறினார். கிளென் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உன் பிடரி பாக்கச் சகிக்கல" என்றார் ராய்ஸ். "அறிக்கை எழுதுற ஆளு இப்படியா திரியறது?"

கிளென் சிரிக்கவில்லை. "அந்த அறிக்கைய எழுதினது நான்தான் ராய்ஸ். வேலை முடிஞ்சு வீட்டுக்கு நடக்கும்போது எந்தெந்தக் கடையில நீலம் இருக்குன்னு பாத்துக்கிட்டே போனேன். எண்ணிப் பாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். முடியல. உன் கண்ணாடியில இல்ல."

"அது அட்டவணைக்கான கண்ணாடின்னு உனக்குத் தெரியாதா? என்னைக்காவது உன்ன வெளிய போன்னு சொன்னேனா?"

"சொல்லல. ஒரு நாளும் சொல்லல." கிளென் உட்கார்ந்தார். "ஆனா பெஞ்சில உக்காந்து நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். டோனா எப்படி இருக்கா, அடுத்தவன் பொண்டாட்டி எப்படி இருக்கா. என் முறை வந்ததும் நாய் எப்படி இருக்கு. ஒட்டி இல்லாததப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு."

ராய்ஸ் குறுக்கிட்டார். "மரியாதைக்குத்தான்ப்பா கேட்டேன். உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு. பிக்கிள் மேல எனக்கும் பாசம் உண்டு."

"பிக்கிள் செத்து மூணு வருஷம் ஆச்சு ராய்ஸ்."

ராய்ஸ் எதிரே இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முழங்கால் நினைவுக்கு வந்தது, உப்பு நினைவுக்கு வந்தது. திருடித் தின்ற உருளைக்கிழங்கு வறுவலும் வானிலைச் செய்தியும் ஒவ்வொன்றாக வந்தன.

"அப்ப அந்த ஆபரேஷன்..."

"மார்வினுக்கு. அது முடிஞ்ச வாரம் யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. நீ நாயக் கேட்ட. சொல்லிட்டேன்."

ராய்ஸ் அழவில்லை. ஆனால் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிடுவது போல வெகு நேரம் தட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பேரிடம் அந்த நாயைப் பற்றிச் சொல்லிச் சிரித்தோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரு மனிதரைத் தன் வீட்டுக் கவலையை நாயின் பேரில் சொல்ல வைத்துவிட்டு, அதையே மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவருக்கு முடி யாரு வெட்டுறா?" என்று கடைசியில் கேட்டார்.

"பக்கத்து ஊர்ல."

"வியாழக்கிழமை கூட்டிக்கிட்டு வா."

அன்று சாயங்காலமே கண்ணாடியிலிருந்து அட்டவணையை உரித்து எடுத்தார். அந்த இடத்தில், பீட்சா கடையில் கேட்டு வாங்கிய நீல ஒட்டியைக் கோணலாக ஒட்டினார். ஹெர்ஷல் வந்து, உங்கப்பா சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஆட்டமெல்லாம் முடிஞ்சு போச்சே ஹெர்ஷல், புட்டிங் பாத்திரத்த மறக்காம எடுத்துட்டுப் போ" என்றார் ராய்ஸ். ஹெர்ஷல் எடுத்துக்கொண்டு போனார், அந்த மாதம் முடி வெட்ட வரவில்லை, அடுத்த மாதம் வந்தார்.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். மார்வின் வலதுகாலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நெட்டை மனிதர். முதலில் அவர் உட்கார்ந்தார். கிளென் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

"இத வெட்டினவன் கண்ணத் திறந்துக்கிட்டா வெட்டினான்?" என்று பக்கத்து ஊர்க்காரனைத் திட்டிக்கொண்டே ராய்ஸ் மார்வினின் கழுத்தில் துணியைச் சுற்றினார். கடையில் காத்திருந்த டோனாவின் கணவர் நிமிர்ந்து பார்த்தார். துணியின் முடிச்சு விழுவதற்கு முன்னால், வழக்கம்போல, ராய்ஸ் குனிந்து கேட்டார்.

"அப்புறம், கிளென் எப்படி இருக்கான்?"

பெஞ்சில் பத்திரிகை அசையவில்லை. மார்வின் கண்ணாடியில் ராய்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே குறட்டை" என்றார். "எத்தன வருஷமா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன் தெரியுமா?"