செட்டி அக்காவிடம் அர்த்தம் கேட்டார்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலையில் வானொலியைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், கை கேட்காது. திறந்தால் போதும், இசையுலகில் இந்த நாள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதே தேதியில்தான் இன்ன நாட்டில் இன்ன பாடகர் பிறந்தார், இன்ன இசைத்தட்டு வெளிவந்தது, இன்ன வாத்தியக் கோஷ்டி சண்டை போட்டுப் பிரிந்தது. எங்கோ ஒருவன் மேடையில் கிட்டாரைப் போட்டு உடைத்ததுகூட இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மலாக்காவில், கஜா பேராங்கில், அதே தேதியில் நான் கண்ணால் பார்த்தது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சப் பேர், அந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறார்கள். எதற்கா? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதற்குத்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயம். அப்பா கஜா பேராங் சாலையில் தையல்கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்தால் அவருக்கு உலகத்தில் இரண்டே சாமான்கள்தான்: ஒரு கிராமபோன், ஓர் ஆர்மோனியம். அம்மா ஒன்றை மூத்தவள் என்பாள், மற்றதை இளையவள் என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் தான் ஒரு சமையல்காரி என்றும் சொல்வாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அக்காவின் வீடு. மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் சாமி படம் இருக்கும், பொங்கலும் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். நம்மவர்கள் ரப்பர் மரம் சீவக் கப்பலேறுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணின் மனிதர்களாகிவிட்டவர்கள். தமிழில் அவர்களிடம் தங்கியிருந்தது சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும்தான். அக்கா டவுனில் ஓர் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தாள். மலாய்ப் பெண்கள் போடுகிற கெபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு சைக்கிளில் போவாள். அப்பாவை 'அண்ணே' என்பாள். அதற்கு மேல் அவளிடம் தமிழ் கிடையாது.

ஆனால் பாட்டு கிடைத்தது. அப்பா கிராமபோனில் சினிமாப் பாட்டு வைத்தால் போதும், அவள் எங்கள் சமையலறைப் படியில் வந்து நின்றுவிடுவாள். ஒரு பாட்டு முடிந்ததும் விரலைக் காட்டி இன்னொரு தரம் என்பாள். அப்பாவும் ஊசியைத் தூக்கி மறுபடி வைப்பார். ஊசி தேய்கிறது என்று அம்மா முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே அக்காவுக்குக் காப்பியும் கலந்து கொடுப்பாள். கொஞ்ச நாளில் அக்கா துணி காயப்போடும்போது அந்தப் பாட்டு வேலி தாண்டி வந்தது. நாங்கள் முதலில் கிராமபோன் என்றே நினைத்தோம். அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி நுரையோடு வெளியே ஓடினார். அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் அவர் ஆர்மோனியம் வாசிக்க அவள் பாடினாள்.

அப்போதுதான் எங்கள் வட்டாரத் தமிழர் சங்கம் மெர்டேக்கா நாளன்று பாட்டுப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெறுகிறவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய் வானொலியில் பாடவைப்பார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வானொலியில் பேசலாம், பாடலாம், ஏப்பம்கூட விடலாம். அன்றைக்கு வானொலியில் குரல் வந்தால் அந்த மனுஷி அந்தக் கணமே வேறு மனுஷி. அக்கா அதற்காக ஏங்கினாள். வெட்கமில்லாமல் ஏங்கினாள் என்றே சொல்வேன். ஆபீசில் லீவு கேட்டு வாங்கினாள். அவள் அப்பா, வேலை வெட்டியில்லாத ஆசை என்று திட்டினாராம். அதற்கும் அவள் மசியவில்லை.

போட்டி நாள் மத்தியானம் அம்மா தன் பச்சைச் சேலையை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள். சேலை பழக்கமில்லாததால் அக்கா பொம்மை மாதிரி நடந்தாள். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. குருபோங்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் தோட்டத்து ஜனங்கள் லாரியில் வந்திருந்தார்கள். தெங்கேராவிலிருந்து துணிக்கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மேடையில் சங்கத் தலைவர், வானொலி நிலையத்திலிருந்து வந்த ஒருவர், ஓரமாக ஆர்மோனியத்தோடு அப்பா.

அக்கா பாடினாள். கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு. அவள் பாடி முடித்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்து அம்மாள் மூக்கைச் சிந்திச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கைதட்டல் ஓயவில்லை. வானொலிக்காரர் தலைவர் பக்கம் சாய்ந்து, "குரல் மைக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றது முன் வரிசை வரைக்கும் கேட்டது. அக்காவுக்குக் கிடைத்துவிட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. எங்கே, பாட்டோட அர்த்தத்தைக் கொஞ்சம் சொல்லும்மா, கேப்போம்" என்றார்.

இந்த மனிதர் அதற்கு முன்னால் பாடின யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. பின்னால் பாடினவர்களிடமும் கேட்கவில்லை. பாட்டின் அர்த்தம் அவருக்கே தெரியுமா என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஆர்மோனியக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானொலிக்காரர்தான் பாவம், மலாயில் கேள்வியைச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே, "தா தாவ், துவான்" என்றாள். தெரியாது ஐயா, அவ்வளவுதான். மண்டபம் சிரித்தது. மூக்கைச் சிந்திய அம்மாளும் சிரித்தாள்.

தலைவர் அதோடு விட்டாரா? அப்பாவிடம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கதானே கூட வாசிக்கிறீங்க. பொண்ணுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா? நாலு பேருக்கு முன்னாலே சொல்லிடுங்க."

அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "தெரியாதுங்க" என்றார்.

பரிசு தலைவரின் மைத்துனருக்குப் போனது. அந்த ஆள் இரண்டாவது சரணத்தை மறந்து முதல் சரணத்தையே இரண்டு முறை பாடினவர். தமிழ் தெரிந்தவர் அல்லவா, மறந்தாலும் தமிழில் மறந்தார்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மேடையிலிருந்து இறங்கி, கால் தடுக்காமல் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக வெளியே போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா வேகமாக முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"ஏன், உங்க வாயிலே என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"தமிழ் தெரியாதுன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சே. இத்தனை நாளா என்னா அருமையாப் பாடுறா பாருன்னு எங்கிட்ட சொன்னதை அங்கே சொல்றதுதானே? நம்ம ஆளுங்க கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இங்கே கோயில் கட்டின ஜனங்கடா சாமின்னு சொல்றதுதானே?"

"தலைவர் யாருன்னு தெரியும்ல. சங்கத்து ஆளுங்க பூரா நம்ம கடையிலதான் தைக்கிறாங்க. விடுலா."

அம்மா விடவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசைமேல் வைத்தாளே தவிரப் பரிமாறவில்லை. நானும் அம்மா கட்சி. அப்பா கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் பச்சைச் சேலை துவைத்து, மடித்து, வேலிமேல் வந்துவிட்டது. வேலிக்கு அப்பால் பாட்டுச் சத்தம் நின்றுபோனது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அப்பாவுக்கு வேறு கவலை பிடித்தது. குடியுரிமை. மெர்டேக்கா கிடைத்த முதல் வருடத்தில் மனுப் போட்டவர்களை மொழி தெரியுமா என்று கேட்காமலே பதிந்தார்கள். தலைவர் முதலில் போய் வாங்கிவிட்டார். அப்பா தீபாவளித் துணி, கல்யாணத் துணி என்று நாளைக் கடத்திவிட்டு, சலுகை முடிந்த பிறகு போய் நின்றார். உள்ளே ஓர் இளம் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் மலாயில் பேசினார். அப்பாவிடம் இருந்த மலாய் முழுக்க அளவெடுக்கிற மலாய். கை நீளம், இடுப்பு, கழுத்து, வெள்ளிக்கிழமை வாங்க. எப்போது வந்தாய், ஏன் இங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டால் அவர் எந்த அளவைச் சொல்வார்? கற்றுக்கொண்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காகிதம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து செட்டி அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அப்பாமேல் இருந்த கோபம் அப்படியே அவள் பக்கம் திரும்பிவிட்டது. இவளுக்கு ரோஷமே கிடையாதா? அத்தனை பேர் சிரித்தார்களே, அப்பா தலையைக் குனிந்துகொண்டாரே, இப்போது அவரே மலாய் தெரியாமல் வந்து நின்றால் மூஞ்சிக்கு நேரே சிரிப்பதல்லவா முறை? அவள் சிரிக்கவில்லை. தினமும் வந்தாள். மலாயில் ஒரு வாக்கியம் சொல்வாள், அப்பா திருப்பிச் சொல்வார், பிசகினால் பொறுமையாக மறுபடி சொல்வாள். சரியாகச் சொன்னால் "பாகுஸ், அண்ணே" என்பாள். நன்று என்று அர்த்தம். அம்மா காப்பி வைப்பாள், குடித்துவிட்டுப் போவாள். ஒருநாள் படியிலேயே மறித்து, உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேவிட்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

அப்பா தேறினார். காகிதம் கையில் கிடைத்த அன்று சட்டைகூட மாற்றாமல் கூடத்தில் ஆர்மோனியத்தை எடுத்து வைத்தார். அதன்மேல் அத்தனை மாதத் தூசி. அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அக்கா வந்தாள், காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். அது நிஜமான சந்தோஷம்தான், எனக்குத் தெரியும்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மலாயில், ஒரு சொல்கூடப் பிசகாமல், நாள் கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவர் மாதிரி, அந்தப் பாட்டை எங்களுக்காக ஒரு தடவை பாட முடியுமா என்று அவளைக் கேட்டார். அவருடைய விரல்கள் கட்டைமேல் தயாராக இருந்தன.

அக்கா அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"பாகுஸ், அண்ணே" என்றாள். கேசரித் தட்டை அம்மாவிடம் கொடுத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள்.

அப்பா கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை மாதங்களுக்குப் பிறகு நானாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன்: "அக்கா அதையும் பாடம்னு நெனச்சிட்டாங்கப்பா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேளுங்க."