கிழக்கே தலைமாடு

மூக்குக்கண்ணாடியின் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ணக் கொடுத்துவிட்டுக் காரைக்குடியில் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகள் தேன்மொழி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க இருக்கீக?"

"கண்ணாடிக் கடையில."

"எங்கிட்டாச்சும் உக்காருங்கப்பா."

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை. "மாமா தவறிட்டாகப்பா. மத்தியானம் சாப்பிட்டுட்டு வண்டியில சாஞ்சாக. நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோனா எந்திரிக்கல" என்றாள்.

அவள் மாமா என்றது அவளுடைய மாமனாரை. எனக்குச் சம்மந்தி. காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் நிலமும் ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருந்த திரு. மலைச்சாமி அவர்கள். வயது எழுபத்திரண்டு. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டார். போட்ட பிறகும் எதிரே இருந்த தெரு எனக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுவயல் ஆலைகளுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போன காலத்திலிருந்து அந்த வெள்ளை பிக்கப்பைத் தெரியாத டீக்கடை அந்தச் சாலையில் கிடையாது. அறியாதவர்களுக்கு ஒரே ஒரு செய்தி சொன்னால் போதும். அந்த மனிதர் வீட்டுக்குள் படுத்துத் தூங்கிய நாட்களைவிட அந்த வண்டியின் பின்புறத்தில் படுத்துத் தூங்கிய நாட்களே அதிகம். வறுமையால் அல்ல, பிரியத்தால்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்தது விளங்காது. நான் அரசாங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தில் நான் சங்கிலி பிடிக்காத ஊர் குறைவு. எல்லைக்கல் எங்கே என்று இரண்டு பங்காளிகள் மண்வெட்டியோடு நிற்கும்போது நடுவில் போய் நின்று, "இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தவன். அப்படியே முப்பது வருடம் இருந்தவனுக்கு, தான் சொல்வதுதான் திசை என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

அவருடைய மகன் பாண்டி காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தேன்மொழி சொன்னபோது என் மனைவி உடனே சரி என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. பையன்மீது குறை கிடையாது. பிக்கப் ஓட்டுகிறவர் வீடு என்பதுதான் உறுத்தியது. இதை இன்று வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று வெட்கப்படாமல் நினைத்தேன். மகள் ஒரு மாதமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் அவள் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் மலைச்சாமி அவர்கள் நேரில் வந்தார். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே பேசினார்.

"வார மாசி களரிக்கு எங்க குலசாமி கோயிலுக்கு வாங்க. எங்க பங்காளிக அம்புட்டுப் பேரையும் ஒரே எடத்துல பாத்துரலாம். பாத்துட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க சம்மந்தி. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிற மாட்டேன்."

இன்னும் தட்டே மாற்றவில்லை, அதற்குள் சம்மந்தியா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

மாசி மாதம் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாம் குலசாமி கோயிலில் கூடுவதைத்தான் எங்கள் பக்கம் மாசிக் களரி என்பார்கள். அவர்களுடைய அம்மன் கோயில் முள்ளுக்காட்டுக்கு நடுவே, ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. வீடு கிடையாது, சத்திரம் கிடையாது. முதல் நாளே போய் இடம் பிடித்து, வண்டிகளிலும் கொட்டகைகளிலும் தங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய பிக்கப்பில், பாண்டி ஓட்ட, அவரும் நானும் போனோம்; வழியில் டயர் பஞ்சரானதால் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கோயிலில் மட்டும் ஜெனரேட்டர் போட்டு டியூப்லைட் எரிந்தது.

வண்டியை நிறுத்துவதற்குமுன் அவர் இறங்கி என் பக்கம் வந்தார். "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேம்பாக. நீங்க நாட்டையே அளந்த மனுசர். கெழக்கு எங்குட்டுன்னு சொல்லுங்க, தலைமாட்டை அங்குட்டு வச்சு நிறுத்திருவோம்" என்றார்.

வண்டியில் படுப்பவர்கள் ஓட்டுநர் இருக்கைப் பக்கம்தான் தலை வைப்பார்கள். ஆகவே வண்டியின் மூஞ்சி எந்தத் திசையோ, அதுதான் தலைமாடு. நான் கோயிலைப் பார்த்தேன். கோயில் என்றால் கிழக்குப் பார்த்துத்தானே இருக்கும்? சாமி பார்த்த பக்கத்துக்குக் கையை நீட்டி, "இதுதான் கிழக்கு" என்றேன். ஒரு எல்லைத் தகராறைத் தீர்த்துவைத்த குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பாண்டி மெதுவாக, "அப்பா, நம்ம அம்மன் வட..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம சக்கரத்துக்குக் கல்லை எடுத்துட்டு வாடா" என்றார் அவர்.

நான் காட்டிய பக்கமே வண்டி நின்றது. அடியில் வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஜமுக்காளம் என்று அவரே விரித்தார். யாரையும் விரிக்க விடமாட்டார். செருப்பைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார், தேள் ஏறுமாம். பின்கதவைத் திறந்தே போட்டார். காலடியில் நேராக ஒரு புளியமரம் இருட்டாகத் தெரிந்தது. மனதில் ஆயிரம் இருந்தும், படுத்த சுருக்கில் தூங்கிப்போனேன்.

விடிந்து எழுந்து உட்கார்ந்தபோது சூரியன் என் முதுகுக்குப் பின்னால், வண்டியின் மூஞ்சிக்கு நேரே வந்துகொண்டிருந்தது. "பாத்தீகளா, கெழக்கு" என்றேன்.

"நீங்க சொன்னாத் தப்பாகுமா?" என்று டீயைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகள் அவசரமாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள்.

ஒன்று மட்டும் இடித்தது. காலடியில் இருந்த புளியமரம் காலையில் இடது கைப்பக்கம் இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சாமி கும்பிடப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த அம்மன் பார்த்திருந்தது வடக்கு. நான் கைகாட்டியது வடக்கு என்றால், சூரியன் எப்படித் தலைமாட்டில் வந்தது? முப்பது வருடச் சர்வேயருக்கு இதைக் கேட்கத் தெரியாமல் இல்லை. ஆனால் சாட்சி என் பக்கம் பேசும்போது எதற்குக் குறுக்கு விசாரணை என்று இருந்துவிட்டேன்.

அன்று மத்தியானம், சோற்றுப் பந்தியிலேயே, கல்யாணத்துக்குச் சரி என்றேன். சொல்லும்போது எனக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று. இந்தக் கூட்டத்தில் என் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது, என் மகளுக்கும் இருக்கும். அது சரியான காரணம்தான். எவ்வளவு சரி என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

அதன்பிறகு பதினோரு வருடம் நாங்கள் இருவரும் அந்த வண்டியில் படுக்காத கண்மாய்க்கரை குறைவு. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பதைக் கண்மாய் அழிப்பது என்பார்கள்; அதற்கு முந்தின சாயங்காலமே போய்விடுவோம். அவர் மீனுக்காக வந்தாரா, படுக்கைக்காக வந்தாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒருமுறை விடியற்காலையில் ஊரே கண்மாய்க்குள் இறங்கிச் சேற்றில் புரண்டுகொண்டிருக்க, இவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "மீனு எங்க போகப்போகுது, படுங்க" என்றார். மீன் போய்விட்டது. திரும்பும் வழியில் சந்தையில் வாங்கி, வீட்டில் பிடித்ததாகச் சொன்னோம். சம்மந்தியம்மா பாக்கியம் செதிலைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அவர் படுத்ததே இல்லை. "வண்டிக்குக் கல்லு, மனுசனுக்குச் சொல்லு. ரெண்டும் இல்லேன்னா உருண்டு போகும்" என்பார். இது பழமொழி இல்லை, அவராகக் கட்டியது.

பேத்திக்குக் காது குத்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மெத்தை போட்டு மின்விசிறி போட்ட அறையைக் காட்டினோம். மனிதர் தலையணையை எடுத்துக்கொண்டு தெருவில் நின்ற வண்டிக்குப் போய்விட்டார். மறுநாள் பக்கத்து வீட்டில், சம்மந்தியை ஏன் வெளியே படுக்கப் போட்டீர்கள் என்று என் மனைவியிடம் கேட்டார்கள். அவள் என்மீது பாய்ந்தாள். நான் அவரிடம் போய், "மானத்த வாங்காதீக, உள்ள வந்து படுங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ள படுத்தா வீட்டப் பத்தியே நெனப்பு வருது சம்மந்தி. வண்டியில படுத்தா நாளைக்கு எங்குட்டுப் போகலாம்னு நெனப்பு வருது" என்றார்.

அன்று ராத்திரி நானும் ஒரு தலையணையோடு அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டு சம்மந்திகளும் சேர்ந்து தெருவில் படுத்தால் அதை யாரும் அவமானம் என்று சொல்ல முடியாது அல்லவா?

சாவு வீட்டுக்கு நாங்கள் போனபோது பாக்கியம் அம்மாள் அழுது ஓய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கெழக்கே தலை வச்சுத்தேன் படுத்திருந்தாக அண்ணே. மொகத்துல ஒரு சுருக்கங்கூட இல்ல" என்றார். பிறகு, "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக" என்றார்.

அந்தக் களரி இரவைத்தான் சொன்னார். நான் குறட்டை விட ஆரம்பித்த பிறகு அவர் மெதுவாக இறங்கியிருக்கிறார். பங்காளிகளை எழுப்பியிருக்கிறார். பாண்டியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, வண்டியை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, மணலில் கால் வட்டம் திருப்பி, தலைமாட்டை நிசமான கிழக்குக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"ஆறு பேரு தள்ளுனாக அண்ணே. வண்டியக் கெளப்பித் திருப்பிருவோம்னு ஒருத்தர் சொன்னதுக்கு, இவுக வேணாம்னுட்டாக. சத்தத்துல சம்மந்தி முழிச்சிருவாக, அவுக சொல்லு தப்பாப் போனது அவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னுட்டாக. வடக்க தலை வச்சுப் படுக்க விடவும் மனசில்ல."

என்னை அறிந்தவர்கள் என் குணத்தையும் அறிவார்கள். அத்தனை பங்காளிகள் நடுவே, சர்வேயருக்குக் கிழக்குத் தெரியவில்லை என்று ஒருவர் சிரித்திருந்தால், விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறியிருப்பேன். கல்யாணம் நடந்திருக்காது. என் பேத்தி இன்று இருக்க மாட்டாள். நான் சொன்னதைத் தப்பு என்று சொல்லாமலே சரியாக்கிவிட்டார் அந்த மனிதர். அதைப் பதினோரு வருடம் சொல்லியும் காட்டவில்லை. நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

கடைசிப் பயணத்துக்கு அவருடைய வண்டியே போதும் என்று பாண்டி சொல்லிவிட்டார். வேப்பமரத்தடியில், அவர் கண்ணயர்ந்தபோது நின்ற நிலையிலேயே, கிழக்குப் பார்த்து வண்டி நின்றது. சக்கரத்தடியில் கல் அப்படியே இருந்தது. வைக்கோலும் ஜமுக்காளமும் விரித்து அவரைக் கிடத்தினோம். சுடுகாட்டுப் பாதை தெற்கே. போகிறவருக்குத் தலையும் தெற்கே இருக்க வேண்டும் என்பது வழக்கம். திருப்ப வேண்டியது கால் வட்டம்.

"தெக்கு எங்குட்டு மாப்ள?" என்று கேட்டேன். நான் ஒருவரிடம் திசை கேட்டது அதுதான் முதல் தடவை. பாண்டி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். பிறகு ஏறிச் சாவியைப் போட்டார்.

"சாவி வேண்டாம். தள்ளுவோம்" என்றேன்.

கொட்டுக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். அன்று தள்ளிய ஆறு பேரில் நான்கு பேர் அங்கே இருந்தார்கள், சொல்லாமலே வந்து கை வைத்தார்கள். நான் குனிந்து கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஐந்தாவது ஆளாக நின்றேன். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். வண்டி சத்தமில்லாமல் திரும்பி நின்றது.

தூங்குங்க சம்மந்தி. தெசை சரியாத்தேன் இருக்கு, கேட்டுட்டேன்.